சம்பந்தியிடம் இல்லாத ஆப்

பெங்களூரில் சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு எந்த ஆப்பில் ஓடினால் கையில் ஏதாவது நிற்கும்? கோவிந்தராஜனும் தினம் வண்டியைத் துடைத்தார். ஆனால் அவர் கேட்டுக்கொண்டது வேறு. இன்றைக்குச் சம்பந்தி எந்த ஆப்பில் வண்டி கூப்பிடுவார்?

அந்த ஆப்பை விட்டுவிட்டு மற்றதில்தான் அவர் ஓடுவார். மகள் இளவேனிலுக்கு நிச்சயம் ஆனதிலிருந்து மூன்று மாதமாக இதே பாடு.

ஜீவனஹள்ளியில் அவர் வீட்டுத் தெரு முனையில் ஒரு டீக்கடை. காலை ஆறரைக்கு ஏழெட்டு வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். அந்த ஓட்டுநர்கள் ஆப்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள், நிறத்தைச் சொல்வார்கள். நீலம் ஒவ்வொரு சவாரியிலும் கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் ஏர்போர்ட், ஐ.டி. கம்பெனி என்று நீளமான சவாரிகளாகத் தரும். சிவப்பு கமிஷன் பிடிக்காது. காலையில் நாள் கட்டணத்தைக் கட்டிவிட்டால் அன்றைக்கு ஓடியது முழுக்க ஓட்டுநருக்கு. ஊதா புதிதாக வந்தது. ஏறுகிறவரே ஒரு தொகையைச் சொல்வார்; வண்டி கிடைக்காவிட்டால் பத்து, இருபது என்று ஏற்றிக்கொண்டே போவார்; கட்டுப்படியானால் ஓட்டுநர் போகலாம்.

பக்கத்து வண்டி யூஜினுடையது. ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்து, மனைவி மௌரீன் வீட்டோடு ஜீவனஹள்ளிக்கு வந்தவர். காலையில் நீலம், மதியத்துக்கு மேல் சிவப்பு, மழை பிடித்தால் ஊதா என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் அவர் தோற்றதில்லை.

“இன்னாண்ணா, இன்னிக்கு எந்தக் கலரு?” என்றார் யூஜின்.

“சிவப்பு.”

“நீலத்துல பத்து ட்ரிப்புக்கு மேல போனஸ் விட்டிருக்கான். நீ அங்க நாள் கட்டணத்த கட்டிட்டு டீ குடிச்சிக்கினு உக்காந்திருப்ப. எதுக்கு?”

“சம்பந்தி நீலத்துல போறார்.”

யூஜின் டீ கிளாஸை வண்டியின் பானெட்டில் வைத்தார். “கமிஷன் பாத்து ஆப் போடறவன் இருக்கான். போனஸ் பாத்து போடறவன் இருக்கான். சம்பந்தி மூஞ்சிய பாத்து போடற ஆள் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தாண்ணா.”

“பானெட்ல கிளாஸ் வெக்காதீங்க.”

“என் வண்டிண்ணா இது.”

“யார் வண்டியா இருந்தாலும் வெக்கக் கூடாது.”

யூஜினுக்கு இரண்டும் பையன்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பனின் நெருக்கடி அவருக்கு எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டே கோவிந்தராஜன் வண்டியில் ஏறினார்.

கார் ஓட்டுவதை அவர் குறைவாக நினைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருஷம் ஒரு தனியார் கம்பெனியின் வண்டிப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவர் வருகிற சத்தம் கேட்டால் நாற்பது டிரைவர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கம்பெனியை ஓசூருக்கு மாற்றியபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டுக் கார் வாங்கினார். யாரிடமும் போய் நிற்காமல் தன் உழைப்பில் மகள் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அதில் தலை குனிய என்ன இருக்கிறது?

ஆனால், சம்பந்தி பின்சீட்டில் உட்கார்ந்து ஓடிபி சொல்ல, அதைத் தட்டிவிட்டு இவர் வண்டியை எடுப்பது என்பது வேறு விஷயம். இறங்கும்போது அவரிடம் காசு வாங்குவது அதைவிட மோசம். பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போகும். அங்கிருந்து ஒரு ரூபாய் இந்தப் பக்கம் வந்ததாக அவர் குடும்பத்தில் வரலாறு கிடையாது. அதற்குமேல் ஒன்று இருந்தது. சவாரி முடிந்ததும் சம்பந்தி போனை எடுத்து, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று பெண்ணின் தகப்பனுக்கு மதிப்பெண் போடுவார். 

சம்பந்தி ரகுராம் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்டின் டவுனில் சொந்த வீடு. முழங்கால் வலி வந்ததும் காரை விற்றுவிட்டு எங்கே போனாலும் ஆப்பில்தான் வண்டி கூப்பிடுவார். பெண் பார்க்க வந்தபோது அவர் கேட்டதற்கு, “கம்பெனியில வண்டிப் பிரிவப் பாத்துக்கிட்டிருந்தேன், இப்ப ரிட்டயர் ஆயிட்டேன்” என்று கோவிந்தராஜன் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கும், பிறகு நிச்சயத்தன்றும், மஞ்சள் போர்டு வண்டியை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

“கல்யாணம் முடியட்டும். மறுநாளே நானே போய்ச் சொல்றேன்” என்று வீட்டில் உத்தரவு போட்டிருந்தார்.

“கவின் கிட்ட மட்டுமாவது சொல்லிக்கறேம்பா,” என்றாள் இளவேனில். கவின்தான் மாப்பிள்ளை. “கட்டிக்கப் போறவர்கிட்ட என்னன்னு மறைக்கறது?”

“மறைக்கச் சொல்லல. நேரம் வர்றப்ப சொல்லலாம்னுதான் சொல்றேன்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்ப்பா?”

அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

சிவப்பில் மூன்று வாரம் நிம்மதியாக ஓடியது. வருமானம் சுமார்தான். வாடிக்கையாளர்கள் போனில் “எல்லி இதீரா? பர்தீரா இல்வா?” என்று, எங்கே இருக்கிறீர்கள், வருவீர்களா மாட்டீர்களா என்று கன்னடத்தில் அதட்டுவார்கள், கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளவேனில் தட்டில் தோசையை வாங்கிக்கொண்டே, “நீலத்துல ரெண்டு தடவ கேன்சல் பண்ணிட்டாங்களாம்ப்பா. ஆன்ட்டியும் அங்கிளும் இப்பல்லாம் சிவப்புலதான் போறாங்க” என்றாள்.

கோவிந்தராஜன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாளிலிருந்து ஊதா. அது அவருக்கு முதல் சவாரியிலேயே ஆகவில்லை. ஃப்ரேசர் டவுனில் ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏறினான். ஏறினவுடன், “அங்கிள், பத்து ரூபா எக்ஸ்ட்ரா போட்டிருக்கேன்ல. ஏசிய நல்லா வைங்க” என்றான். அவர் ஏசியை வைத்தார். எம்.ஜி. ரோட்டில் இறக்கிவிட்டபோது சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“எதுக்கு அங்கிள்?”

“ஏசி எல்லாருக்கும் போடறதுதான். இத வெச்சுக்கோங்க.”

பையன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு விறைப்பான மனிதர் ஊதாவில் ஓடிப் பிழைக்க முடியாது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். யாராவது தொகையை ஏற்றும்போதெல்லாம் யாரோ தன்னை ஏலத்தில் விடுவதுபோல இருந்தது.

அதற்கும் ஒரு முடிவு வந்தது. அதையும் இளவேனில்தான் கொண்டுவந்தாள்.

“அங்கிள் மூணு ஆப்பும் வெச்சிருக்காராம்ப்பா. ஒவ்வொரு தடவயும் மூணையும் தொறந்து பாத்து எதுல கம்மியோ அதுலதான் போவாராம். ஆன்ட்டி செருப்பு போட்டுக்கிட்டு வாசல்ல கால் மணி நேரம் நிப்பாங்களாம். கவின் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார்.”

கோவிந்தராஜன் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் ஒரு ஆப்பில் நிலையாக இருக்கக் கூடாதா? வங்கியில் இருந்தவருக்கு இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்கு இவ்வளவு அலைச்சலா? அவர் மனைவி சீதாலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

“மூணு மாசமா வண்டி ஓட்டறீங்களா, கண்ணாமூச்சி ஆடறீங்களா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது சீதா.”

“எனக்குத் தெரிய வேணாம். யூஜின் வீட்டுல புது வாஷிங் மெஷின் வந்திருக்கு. மௌரீன் கூப்பிட்டுக் காட்டினா. அது தெரியும்.”

“இனிமே அவருக்காக ஆப்ப மாத்தப் போறதில்ல. ஆஸ்டின் டவுன் சவாரி எதையும் எடுக்கப் போறதில்ல. அவ்வளவுதான்.”

“அப்ப கல்யாணத்துக்கப்பறம் பொண்ண பாக்கப் பஸ்ல போவீங்களா?”

இதற்கும் பேப்பர்தான் பதில்.

அவர் மறுபடி சிவப்புக்கு வந்தார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு விவேக்நகரில் ஒரு அம்மாளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார். போன் மணி அடித்தது. சிவப்பில் சவாரியை ஏற்கிறவரை ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. ஏறுமிடம் விக்டோரியா லேஅவுட், இறங்குமிடம் சிவாஜிநகர். ஆஸ்டின் டவுன் என்று போட்டிருந்தால் தொட்டிருக்க மாட்டார். இது விக்டோரியா லேஅவுட்தானே என்று ஏற்றுக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தெருதான் என்பது அவசரத்தில் மனதுக்கு வரவில்லை.

திரையில் பெயர் வந்தது. ரகுராம்.

பெங்களூரில் ஆயிரம் ரகுராம் இருப்பார்கள். வரைபடத்தில் புள்ளி எங்கே நிற்கிறது என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போய், இடது பக்கம் திரும்பி, மூன்றாவது வீடு. வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் ஏறி இறங்கிய அதே வீடு.

அவர் சட்டென்று ரத்து செய்தார். காரணம் என்ன என்று ஆப் கேட்டது. வாடிக்கையாளர் வரவில்லை, வாடிக்கையாளர் முறைதவறிப் பேசினார், வண்டியில் கோளாறு. முதல் இரண்டையும் சம்பந்தியின் பேரில் போட அவருக்கு மனம் வரவில்லை. வண்டியில் கோளாறு என்று தட்டினார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் எழுதிய முதல் பொய்யான அறிக்கை அது.

வண்டியை ஓரம் கட்டி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். தப்பித்தோம் என்று நினைத்தார். அந்த நினைப்பு பாதித் தண்ணீர்வரைதான் இருந்தது. காலையில் முதல் சவாரிக்கு ஏறிய பெண் போனையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கோவிந்தராஜன் தானே?” என்று கேட்டாள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். இவர் சவாரியை ஏற்ற அந்த நொடியே ஏறுகிறவரின் போனுக்கு ஓட்டுநரின் புகைப்படமும் பெயரும் வண்டி எண்ணும் போய்விடும். தினம் பத்து முறை நடக்கிற காரியம். இன்றைக்கு அது மறந்துவிட்டது.

பெயரைப் பார்த்துத் திகைத்து, வீட்டைத் தேடி, காரணம் தேர்ந்தெடுத்து... ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷமும் வெள்ளைச் சட்டையில் நெற்றியில் விபூதியோடு அவர் முகம் சம்பந்தியின் உள்ளங்கையில் இருந்திருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போன் செய்தார்.

“சீதா, ஒரு தப்பு நடந்துபோச்சு.” நடந்ததைச் சொன்னார்.

மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. “கேன்சல் வேற பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டேன்.”

“போட்டோ போயிருக்கும். பேரு போயிருக்கும். போட்டும். சம்பந்திய தெருவுல நிக்க வெச்சிட்டு ஓடிட்டார்னும் போயிருக்கும். ஏத்திக்கிட்டுப் போயிருந்தா டிரைவர்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். இப்ப என்னன்னு தெரிஞ்சிருக்கு?”

“போன வை.”

“வெக்கறேன். நீங்க வண்டிய எடுங்க.”

அவர் அந்த நிமிஷம் புரிந்துகொண்டது இதுதான். கார் ஓட்டுவது தெரிந்துபோனால் போகிற மானத்தைக் காப்பாற்றப் போய், வாக்குக் கொடுத்த சவாரியை நடுத்தெருவில் விட்டவர் என்ற பெயரைத் தானே வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கீழே வேலை செய்த டிரைவர் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார். ஆப்பை அணைத்தார். வண்டியைத் திருப்பினார்.

ரகுராம் வாசலில் நின்றுகொண்டு மூன்று ஆப்பையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கோமளம் இரண்டு பைகளோடு நின்றாள். வண்டி வந்து நின்றதும் ரகுராம் எண்ணைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்த கோவிந்தராஜனைப் பார்த்தார்.

“ஏறுங்க சம்பந்தி,” என்றார் கோவிந்தராஜன். பைகளை வாங்கி டிக்கியில் வைத்தார்.

“வண்டியில கோளாறுன்னு வந்துச்சு.”

“கோளாறு வண்டியில இல்ல. ஏறுங்க. வழியில சொல்றேன்.”

கோமளம் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். ரகுராம் முன்கதவுக்குப் போவதா, பின்கதவுக்குப் போவதா என்று ஒரு கணம் தடுமாறினார். முன்னால் உட்கார்ந்தால் சொந்தக்காரர், பின்னால் உட்கார்ந்தால் வாடிக்கையாளர். முழங்கால் மடங்காது என்பதால் முன்னால் உட்கார்ந்தார்.

“ஆப்ப போடுங்க,” என்றார்.

“போட மாட்டேன்.”

“நான் இதுவரைக்கும் யார் வண்டியிலயும் ஓசியில ஏறினதில்ல.”

“நான் இதுவரைக்கும் மாப்பிள்ள வீட்டுல காசு வாங்கினதில்ல.”

“அப்ப வண்டிய நிறுத்துங்க.”

“நிறுத்த மாட்டேன்.”

“ரெண்டு பேரும் ஒண்ணு பண்ணுங்க,” என்றாள் கோமளம் பின்னாலிருந்து. “மேயோ ஹால் சிக்னல்ல இறங்கி சண்ட போடுங்க. சிவாஜிநகர் டெய்லர் ஒரு மணிக்குக் கட பூட்டிடுவான். நான் ஆட்டோ பிடிச்சுப் போறேன்.”

முன்னால் ஒரு பி.எம்.டி.சி. பஸ் குறுக்கே நின்று மொத்த ரோட்டையும் அடைத்திருந்தது. கோவிந்தராஜன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். கம்பெனி ஓசூருக்குப் போனது, கார் வாங்கியது, இரண்டு வருஷமாக ஓட்டுவது, இரண்டு தெரு தள்ளி வண்டியை விட்டது எல்லாவற்றையும் சொன்னார். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“நீங்க பொண்ணு பாக்க வந்த முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது. இன்னிக்கு உங்கள நிக்க வெச்சது அதவிடப் பெரிய தப்பு.”

ரகுராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“நிக்க வெச்சது பரவால்ல. தினம் எவனாவது நிக்க வெக்கறான். நான் எங்க வேலூர் அக்காகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? பொண்ணோட அப்பா பெரிய கம்பெனியில டிரான்ஸ்போர்ட் மேனேஜர், இப்ப வீட்டோட இருக்கார்னு. அக்கா அத சொந்தத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

“மேனேஜர்னு நான் சொல்லலியே. வண்டிப் பிரிவப் பாத்துக்கிட்டிருந்தேன்னுதான் சொன்னேன்.”

“பேச்சு வாக்குல கொஞ்சம் சேந்துடுச்சு. அத விடுங்க.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்ணலாம் சம்பந்தி. இன்னும் மூணு வாரம்தானே? அது வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. கல்யாணம் முடியட்டும். யாருக்கும் தெரிய வேணாம். எனக்கும் இப்ப தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்.”

மூன்று மாதமாகக் கோவிந்தராஜன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததுதான் இது. வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அது அறைந்தது போலிருந்தது.

“இல்லங்க.”

“ஏன்?”

“நானா மறைச்சேன். அது என் முட்டாள்தனம். நீங்க மறைக்கச் சொல்லி நான் மறைச்சா, நான் பண்ற வேல இழிவுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். இந்த வண்டியில வர்ற காசுலதான் உங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்குப் பட்டுப் பொடவ எடுத்திருக்கேன். அது இழிவான காசு இல்ல.”

“நான் இழிவுன்னு சொல்லல.”

“தெரிய வேணாம்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படுது.”

சொன்ன பிறகுதான், இதையே இளவேனில் தன்னிடம் கேட்டாள் என்பது அவருக்கு உறைத்தது. அந்த எரிச்சலில் பஸ்ஸைப் பார்த்து ஹாரனை அமுக்கினார். பஸ் அசையவில்லை.

“எனக்கு ஒரு மாசமா தெரியும்,” என்றாள் கோமளம்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கவின் சொன்னான். இளவேனில் அவன்கிட்ட நிச்சயத்துக்கு மறு வாரமே சொல்லிடுச்சாம். ‘அப்பாகிட்ட சொல்லாதம்மா, அவர் அத்தகிட்ட வேற ஏதோ சொல்லி வெச்சிருக்கார்’னு இவன். ‘எங்கப்பாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி, அவர் மூஞ்சிய பேப்பர்ல மறைச்சுக்குவார்’னு அந்தப் பொண்ணு. உங்க ரெண்டு பேர் கௌரவத்துக்கும் காவல் காத்து எங்களுக்கு அலுத்துப்போச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ,” என்றார் ரகுராம்.

“சொன்னா என்ன பண்ணுவீங்க? மூணு ஆப்பையும் தொறந்து பாப்பீங்க.”

கோவிந்தராஜனுக்கு மகள்மேல் கோபம் வந்தது. தன் சொல்லை மீறி இரண்டு மாதத்துக்கு மேலாக எதுவும் தெரியாதவள்போல் தோசை தின்றிருக்கிறாள். சரி, அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது நடக்க வேண்டியது இன்னொன்று.

“உங்க அக்கா நம்பரக் குடுங்க. நானே பேசறேன். சொல்லாம விட்டவன் நான், திருத்தறதும் நான்தான்.”

ரகுராம் சீட்டில் நேராக உட்கார்ந்தார். “எங்க அக்காகிட்ட எங்க வீட்டு விஷயத்த நீங்க பேசறதா? சேத்துச் சொன்னது நான். நானே சொல்லிக்கறேன்.”

போனை எடுத்து எண்ணைத் தட்டினார். காது சரியாகக் கேட்காத அக்காவுக்காக எப்போதும் செய்வதுபோல ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நான்தான். இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. இளவேனிலோட அப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவர் மேனேஜர் இல்ல. நான் கொஞ்சம் சேத்துச் சொல்லிட்டேன். இப்ப வீட்டோடயும் இல்ல. கார் ஓட்டறார்.”

“என்ன ஓட்டறார்?”

“காரு. வாடகைக்கு. சொந்த வண்டி. இப்ப அந்த வண்டியிலதான் போய்க்கிட்டிருக்கோம்.”

வேலூர் பக்கம் பேச்சில்லை. கோவிந்தராஜன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கன்னடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம். இரண்டாவது முறையும் படித்தார். அவர் வீட்டுக் கல்யாணம் அந்த மௌனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வண்டி சுத்தமா இருக்கா?” என்றது போன்.

ரகுராம் சுற்றும் முற்றும் பார்த்தார். காலடியில் விரிப்பு, கண்ணாடி, சீட்டு உறை எல்லாவற்றையும் வங்கி அதிகாரி தணிக்கை செய்வதுபோலப் பார்த்தார். “இருக்குக்கா. ரொம்ப சுத்தமா இருக்கு.”

“ஏசி?”

“இருக்கு.”

“அப்ப கல்யாணத்தன்னிக்குக் காலையில கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு அவரயே அனுப்பு. போன வாட்டி நீ ஆப்புல அனுப்பினவன் என்னைப் பால்பண்ண கிட்ட இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். தெரிஞ்ச மனுஷன் வண்டின்னா எனக்கு நிம்மதி.”

கோமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தராஜன் போன் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

“அம்மா, நான் பொண்ணோட அப்பா பேசறேன். வணக்கம். மத்த எந்த நாளும் நீங்க கூப்பிட்டா வேலூருக்கே வண்டியக் கொண்டு வர்றேன். கல்யாணத்தன்னிக்கு மட்டும் நான் வண்டியத் தொட மாட்டேன். அன்னிக்கு மண்டப வாசல்ல நின்னு உங்களக் கைகூப்பி வரவேற்கணும். அத வேற யாரும் பண்ண முடியாது.”

“நியாயந்தான்,” என்றாள் அந்த அம்மாள். “அப்ப நான் முந்தின நாளே வந்துடறேன்.”

பஸ் ஒருவழியாக நகர்ந்தது. முந்தின நாள் மாலை சமையல்காரர், மாலைக்காரர், பெண்ணழைப்பு என்று தனக்கு இருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, கோவிந்தராஜன் பெருமூச்சு விட்டுக் கியரைப் போட்டார்.

“ரயில் எத்தன மணிக்கும்மா?” என்று கேட்டார்.